கம்பியை விடாத கை: கிழக்குக் கரையில ஆறு நாள்

திங்கள், மட்டக்களப்பு டவுன்

ரெண்டு வருசமும் நாலு மாசமும் ஆகுது நான் எங்கட ஊர் பெரியகல்லாற விட்டு ஒரு ராவு வெளிய தங்கி. அப்பாக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த நாள்ல இருந்து ஸ்கூலும் வீடும்தான், ஞாயிறு எண்டா சேர்ச், அதுவும் பக்கத்து வீட்டு மாமி வந்து அப்பாவோட இருந்தாத்தான். தங்கச்சி கனடாவில இருந்து லீவுக்கு வந்தவள் மூண்டாம் நாளே சொல்லிட்டாள், "அக்கா நீ ஒரு கிழமைக்கு எங்கயாவது போயிட்டு வா, அப்பாவ நான் பாக்கிறன், நீ கண்ணாடி பாத்து எத்தின நாளாகுது" எண்டு. எங்க போற எண்டே தெரியல்ல. கண்டி நுவரெலியா போக மனமில்ல, நம்மட கரையோரத்திலயே சொந்தக்காரர் சிநேகிதிமார் வீடுகளுக்கு ஒரு சுத்துச் சுத்திட்டு வருவம் எண்டு வெளிக்கிட்டன். ஒவ்வொரு நாளும் ராவைக்கு இதில எழுதுறன், என்னப் போல வீட்டுக்குள்ள ஒராளப் பாத்துக்கொண்டு இருக்கிற ஆராவது வாசிச்சாப் போதும்.

முதல்ல ஒரு விசயம் சொல்லோணும், இல்லாட்டி மிச்சம் விளங்காது. காலமைல அப்பாவக் கட்டில்ல இருந்து வீல்செயாருக்கு மாத்தோணும். கட்டில் ஓரத்தில இருத்தி, நான் முன்னால நிண்டு, என்ட முழங்காலால அவர்ட ஏலாத முழங்காலுக்கு முட்டுக் குடுத்து, இடுப்பில கட்டின துணிப்பட்டியப் பிடிச்சு ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு சொல்லி எழுப்பிற. அவர் முன்னுக்குச் சாஞ்சு பாரத்த என்ட தோள்ல தந்தார் எண்டா பெரிசாக் கஷ்டமில்ல, எழும்பிருவார். ஆனா பயம் வந்துட்டா இடக்கையால கட்டில் கம்பிய இறுக்கிப் பிடிச்சிருவார், பிடிச்சா விடமாட்டார். பாதிப் பாரம் கம்பியில, பாதிப் பாரம் என்னில. போன மார்கழியில அப்பிடி ஒருநாள் ரெண்டு பேரும் சேந்து விழுந்தம், அவருக்குக் கடவுளே எண்டு ஒண்டும் ஆகல்ல, என்ட முழங்கால் ஒரு மாசம் வீங்கியிருந்திச்சு. பிசியோ பண்ண வாற புள்ள அடுத்த நாள் அப்பாட காதுக்குள்ள சொன்னா, "ஐயா, கம்பிய விட்டுட்டுப் பாரத்த டீச்சர்ட்டத் தாங்க, ரெண்டு பக்கமும் வச்சுக்கொண்டு எழும்ப ஏலாது".

அண்டைக்கு ராவு 55ம் சங்கீதம் வாசிச்சன். கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு. சின்ன வயசில ஞாயிறு பாடசாலையில மனப்பாடம் பண்ணின வசனம், எத்தின வீட்டுச் சுவர்ல தொங்குது, ஆனா அந்த "விடு" எண்ட சொல்லு அண்டைக்குத்தான் கண்ணில பட்டுது. வைக்கிறன் வைக்கிறன் எண்டு நானும் ஒவ்வொரு ராவும் வச்சிருக்கன், கையத்தான் எடுக்கல்ல.

சரி, இண்டைக்கு. பஸ் காத்தான்குடி நெரிசலுக்குள்ளால வந்து சேரவே வெயில் ஏறிட்டு. பெரியம்மா வீடு புளியந்தீவில. பின்னேரம் வாவிக்கரைக்கு நடந்து போனன், வில்லியம் ஓல்ட் வந்து இறங்கின இடம் எண்டு சொல்ற வாசலடியில அவர்ட சிலை இருக்கு. நம்மட மெதடிஸ்த சபைப் புள்ளைகளுக்கு இந்தக் கதை நல்லாத் தெரியும். 1814 ஜூன் 29ல காலியில வந்து இறங்கின மிசனரிமார்ல ஒராள் அவர். அவங்களச் சேத்துக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்ட தோமஸ் கோக் இலங்கையக் காணாமலே மே 3ம் திகதி கப்பல்ல மரிச்சிட்டார், ஓல்ட்ட மனிசியும் கடல்லயே போயிட்டா. அந்த மனிசன் தனிய மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் துவங்கி எட்டு மாசம்தான், 1815 ஏப்ரல் 1ல அவரும் போயிட்டார். மத்திய கல்லூரி இண்டைக்கும் 1814 எண்ட வருசத்தோட நிக்குது, அத அவர் காணல்லதானே. "இதோ, உலகத்தின் முடிவுபரியந்தம் சகல நாட்களிலும் நான் உங்களுடனேகூட இருக்கிறேன்" எண்டு ஆண்டவர் சொன்னது இப்பிடி அனுப்பப்பட்ட ஆக்களுக்குத்தான். எப்பவும் எண்டு பொதுவாச் சொல்லாமச் சகல நாட்களிலும் எண்டு நாள்நாளா எண்ணிச் சொன்ன மாதிரி எனக்குக் கேக்கும். மனிசியக் கடல்ல விட்ட நாளும் ஒரு நாள்தான், இவடத்த தனியக் கிடந்த கடைசி நாளும் ஒரு நாள்தான்.

ராவைக்குக் கல்லடிப் பாலத்துக்குப் போனம். 2013ல திறந்த புதுப்பாலத்தால வாகனம் எல்லாம் போகுது, பழைய இரும்புப் பாலத்தில சனம் காத்து வாங்குது. இந்த வாவியில மீன் பாடும் எண்டு சொல்லுவாங்க, அதக் கேக்கிறதுக்கு நான் காது குடுக்கல்ல, போன்ல இருந்தன். அப்பா சாப்பிட்டாரா, திருப்பிப் படுக்க வச்சியா, புரையேறாமத் தண்ணிக்குள்ள மா கரைச்சுக் கட்டியாக்கித்தானே குடுத்த எண்டு. இண்டைக்கு மட்டும் ஒன்பது தரம் எடுத்திருக்கன். எண்ணிப் பாத்தன்.

செவ்வாய், டவுன்லயேதான்

சீயோன் தேவாலயத்துக்கு முன்னால கொஞ்ச நேரம் நிண்டன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, இங்க குண்டு வெடிச்ச நாள். அண்டைக்குக் கல்லாறில நாங்க ஆராதனையில இருக்கக்குள்ள ஆக்கள்ட போன் ஒவ்வொண்டா அடிக்கத் துவங்கினது இப்பவும் காதில இருக்கு. ஞாயிறு பாடசாலைப் புள்ளைகள். புத்துடுப்போட வந்த புள்ளைகள்.

கூட இருக்கிறன் எண்ட ஆண்டவர் ஏன் தடுக்கல்ல எண்டு கேக்காத ஆள் மட்டக்களப்பில இல்ல. எங்கட வீட்டிலயும் ஒராள் தண்ணியோட போனவ, அத மறுகா எழுதுறன், அதால நானும் கேட்டவள்தான். ஆராவது இதுக்குப் பட்டெண்டு ஒரு வசனத்தச் சொல்லி முடிச்சு வச்சா எனக்குக் கோவம் வரும். மார்த்தாள் ஆண்டவர்ட முகத்துக்கு நேரயே சொன்னவ, நீர் இஞ்ச இருந்திருந்தா என்ட சகோதரன் செத்திருக்கமாட்டான் எண்டு. அவர் அவவப் பேசல்ல. அழுதார், கல்லறைக்குப் போனார். லாசருவ எழுப்பப் போறவர் ஏன் அழோணும் எண்டு புள்ளைகள் வகுப்பில கேப்பாங்க, எனக்கு அந்தக் கண்ணீர்தான் பெரிசாத் தெரியும், ஏனெண்டா எழுப்பினது ஒருதரம், அழுகிறவங்களோட நிக்கிறது ஒவ்வொரு நாளும்.

வேற ஒண்டும் எழுத மனமில்ல. பெரியம்மா புட்டும் இறால் கறியும் தந்தா. போன் ஏழு தரம்.

புதன், வாகரை

வாழைச்சேனை, கல்குடாச் சந்தி, காயங்கேணி, பனிச்சங்கேணிப் பாலம். அந்தப் பாலத்தில பஸ் ஏறக்குள்ள ரெண்டு பக்கமும் தண்ணி, கண்டல், வெள்ளைக் கொக்கு, இவ்வளவு வடிவா நம்மட மாவட்டம் எண்டு நினைச்சன். என்னோட படிச்ச சிநேகிதி இங்க டீச்சர். அவட அம்மாக்கு எண்பது தாண்டிட்டு, 2006 கடைசியில சண்டை இறுகக்குள்ள காட்டால நடந்து போன கதையச் சொன்னா. "ஒரு பானையும் ரெண்டு சீலையும், பேந்து பானையையும் வழியில வச்சிட்டன் மனே." நான் கேட்டன், அந்த நேரம் ஆண்டவர் கூட இருக்கிறார் எண்டு தெரிஞ்சிச்சா அம்மா எண்டு. அவ யோசிச்சுப் போட்டுச் சொன்னா, "நடக்கக்குள்ள ஒண்டும் தெரியல்ல புள்ள. கால் நோவுதான் தெரிஞ்சிச்சு. மறுகா இருந்து யோசிச்சா, அந்தக் கால் எப்பிடி நடந்திச்சு எண்டுதான் தெரியல்ல".

இத அப்பிடியே எழுதி வச்சிக்கிறன். கூட இருக்கிறத நாங்க உணர்ச்சியில தேடுறம், பாட்டு நேரம் கண் கலங்கினா அண்டைக்கு ஆண்டவர் வந்தார் எண்டுறம். இந்த அம்மாக்கு அவர் காலில இருந்திருக்கார்.

வியாழன், வாகரையும் பஸ்ஸும்

விடிய முதலே கடற்கரைக்குப் போனம், கரைவலை இழுக்கிற. தோணி வலையக் கடல்ல வளைச்சு விட்டுட்டு வந்து மற்ற கயித்துத் தலைப்பக் கரைக்குக் கொண்டு வருது, மறுகா ரெண்டு பக்கமும் ஆக்கள் நிண்டு இழுக்கிற, மணித்தியாலக் கணக்கில. வலை கண்ணுக்குத் தெரியாது, தண்ணிக்குள்ளால ஒரு கயிறு மட்டும் வருது. நானும் பிடிச்சுப் பாத்தன். ரெண்டு நிமிசத்தில உள்ளங்கை எரியத் துவங்கிட்டு. பக்கத்தில நிண்ட ஒரு ஐயா, வெயில்ல கறுத்துக் காஞ்ச மனிசன், என்ட கையப் பாத்துட்டுச் சொன்னார், "டீச்சர், கையால இழுத்தா கை போயிரும். இடுப்பால சாயுங்க. பாரத்தக் கயித்தில குடுங்க, கயிறு பிடிக்கும்".

பின்னுக்குச் சாஞ்சன். முதல்ல பயம், கயிறு அறுந்தா மல்லாக்க விழுவன். ஆனா சாஞ்ச உடன வித்தியாசம் தெரிஞ்சிச்சு, கைக்கு வேலையே இல்ல, உடம்பு முழுக்கக் கயித்தில நிக்குது, மண்ணில குதிக்கால ஊண்டி ஒவ்வொரு அடியாப் பின்னால வைக்கிற அவ்வளவுதான். எனக்கு அப்பாட நினைவு வந்திட்டு. அவர்ட இடம் இதுதானே. நான் எப்பவும் தூக்கிற பக்கம் நிண்டவள், சாயிற பக்கத்தில நிண்டு பாத்தது இண்டைக்குத்தான், எவ்வளவு பயமான இடம் அது.

வலையின்ட மடி கரைக்கு வரக்குள்ள எல்லாரும் ஓடினாங்க, கீரி மீனும் சூடை மீனும் கொஞ்சம் பாரைக் குஞ்சும், பெரிசா ஒண்டுமில்ல. ஆரும் புறுபுறுக்கவும் இல்ல. மீன்காரர்ட வாடிக் குடில் ஒண்டுக்குப் பக்கத்தில நெருப்பு மூட்டி மீன் சுட்டுத் தந்தாங்க, கையில பிடிக்க ஏலாத சூடு, உப்பு மட்டும்தான். யோவான் 21ல உயிர்த்த ஆண்டவர் கரையில கரிநெருப்புப் போட்டு மீனும் அப்பமும் வச்சுக்கொண்டு நிக்கிறார், ராவு முழுக்க ஒண்டும் அகப்படாத ஆக்களப் பாத்து வாங்க சாப்பிடுங்க எண்டு கூப்பிடுறார். மரணத்த வெண்டு வந்தவர் காலமைச் சாப்பாடு செஞ்சிருக்கார். எனக்கு இந்த இடம் வாசிச்சா எப்பவும் நெஞ்சு இளகும், ஏனெண்டா நான் செய்யிற வேலையும் அதுதான், விடியக் கஞ்சி காய்ச்சிற.

மத்தியானம் தெற்குப் பக்கம் பஸ். கல்முனைக்கு. இந்த பஸ் எங்கட ஊருக்குள்ளாலதான் போகோணும், அத நான் யோசிக்கல்ல. களுவாஞ்சிகுடி தாண்டி ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு. எங்கட ஒழுங்கை முகப்புத் தெரியுது, மதில் தெரியுது. மூண்டு நிமிசம் நடந்தா அப்பா. சீற்றுக்கு முன்னால இருக்கிற கம்பியப் பிடிச்சுக்கொண்டு எழும்பிட்டன். கண்டக்டர் தம்பி "இறக்கமா அக்கா?" எண்டு கேட்டான். என்ட கையப் பாத்தன், கம்பியில, விரல் எல்லாம் வெளுத்து. அப்பாட கை மாதிரியே இருந்திச்சு.

"இல்ல தம்பி" எண்டு இருந்திட்டன். மருதமுனை வரைக்கும் அழுதன், பக்கத்தில இருந்த உம்மா ஒண்டும் கேக்காமத் தண்ணிப் போத்தலத் தந்தா. ஆண்டவரே அவர் உங்கட புள்ள, எனக்கு முன்னமே உங்கட புள்ள, இந்த நாலு நாளும் நீங்க பாத்தீங்கதானே எண்டு மனசுக்குள்ள சொல்லிக்கொண்டு வந்தன். இண்டைக்கு போன் ரெண்டு தரம்.

வெள்ளி, சொறிக்கல்முனை

கல்முனையில சிநேகிதி வீட்ட நிண்டு, காலமை ஓட்டோ பிடிச்சுக் கிட்டங்கிப் பாலத்தால சொறிக்கல்முனைக்குப் போனன். மாரியில இந்தக் கிட்டங்கி தண்ணிக்குள்ள போயிரும், சனம் கரையில நிண்டு பாத்துக்கொண்டு இருக்கும், இப்ப வெயில் காலம், ஆத்துவாழை மட்டும் பச்சையாக் கிடக்குது. திருச்சிலுவைக் கோயில் வயல்வெளிகளுக்கு நடுவில. நான் மெதடிஸ்த ஆள், ஆனா அந்தக் கோயிலுக்குள்ள ஒரு அமைதி இருக்கு, உள்ள ஒரு கிழவர் தூணில நெத்தியச் சாய்ச்சுக்கொண்டு நிண்டார், நான் போய் வாற வரைக்கும் அப்பிடியே நிண்டார்.

ஓட்டோக்காரத் தம்பி முஸ்லிம் புள்ள. திரும்பி வரக்குள்ள என்ட கதையக் கேட்டான், சொன்னன். "எங்கடயிலயும் இருக்கு டீச்சர், தவக்குல் எண்டு. ஒட்டகத்தக் கட்டிப்போட்டு அல்லாட மேல பாரத்தப் போடு எண்டு ஹதீஸ். நீங்க தங்கச்சிய வீட்ட விட்டுட்டுத்தானே வந்த, ஒட்டகம் கட்டித்தான் இருக்கு." அதே பாரம் எண்ட சொல்லு. அவன் அவன்ட வழியில சொன்னான், எனக்கு நல்ல ஆறுதலா இருந்திச்சு.

பின்னேரம் அக்கரைப்பற்றால திருக்கோவில். போன் ஒருதரம், தங்கச்சிதான் எடுத்தாள், நானில்ல.

சனி, திருக்கோவில், மறுகா வீடு

அப்பாட தங்கச்சி, எங்கட மாமி, திருக்கோவில்லதான் கலியாணம் முடிச்சவ. விடியத் தேத்தண்ணியோட கடற்கரையில போய் இருந்தம். கடல் பாத்தா ஒண்டும் நடக்காத மாதிரிக் கிடக்கு. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ம் ஒரு ஞாயிறுதான், நத்தார் முடிஞ்ச அடுத்த நாள். நான் டவுன்ல பெரியம்மா வீட்ட நிண்டவள், வீட்ட அப்பா, அம்மா, தங்கச்சி. அம்மா அண்டைக்கு இல்லாமப் போனா. அப்பா யன்னல் கம்பியப் பிடிச்சுத் தப்பினவர் எண்டு எனக்குத் தெரியும், அதுக்கு மேல அவர் கதைச்சதில்ல, நாங்களும் கேட்டதில்ல.

நான் மாமிக்கு இந்த ஆறு நாள் யோசனையையும் சொல்லிக்கொண்டு போனன், அப்பா கட்டில் கம்பிய விடுறாரில்ல மாமி, எத்தின தரம் பேசியிருக்கன், விடுங்கப்பா விடுங்கப்பா எண்டு கத்தியும் இருக்கன் எண்டு. மாமி கோப்பைய மண்ணில வச்சிட்டா.

"அவர் எப்பிடிக் கா விடுவார்? ஒரு கையில கம்பி, ஒரு கையில உன்ட தங்கச்சி. கம்பிய விட்டிருந்தா அவள் இல்ல. உன்ட அம்மாவப் பிடிக்கிறதுக்கு அவருக்கு மூண்டாவது கை இருக்கல்லயே புள்ள."

எனக்குக் கதை வரல்ல. இத்தின வருசம் ஒரே வீட்ட இருந்திருக்கன். அந்த இடக்கை ஏன் இறுகுது எண்டு நான் ஒருநாளும் யோசிக்கல்ல, பிடிவாதம் எண்டு நினைச்சன், வருத்தம் எண்டு நினைச்சன்.

பஸ்ஸில வரக்குள்ள ஒண்ட யோசிச்சன். பக்கத்து வீட்டுக்காரரும் கம்பியப் பிடிச்சவர்தான், சுவரோட போயிட்டார். அம்மா செபம் பண்ணாத ஆள் இல்ல. பிடிச்சதால தப்பினதும் இல்ல, விட்டதால போனதும் இல்ல. அம்மாட கடைசி நிமிசத்திலயும் ஆண்டவர் அவவோட தண்ணிக்குள்ள இருந்தார் எண்டு நான் விசுவாசிக்கிறன், அத நிரூபிக்கச் சொன்னா என்னால ஏலாது, ஆனா அத விசுவாசிக்காம என்னால ஒரு நாள் காலமையும் எழும்ப ஏலாது. அவர் சொன்ன சகல நாட்களிலயும் அந்த ஞாயிறும் ஒண்டு.

வீட்ட வரக்குள்ள நாலரை மணி. தங்கச்சி கட்டிலடியில இருந்து அப்பாட வலக்கைய மடியில வச்சு நகம் வெட்டிக்கொண்டு இருந்தாள். அண்டைக்கு அவளப் பிடிச்ச கை. ஒவ்வொரு விரலா மெதுவா விரிச்சு, விரல் தானா மடங்கும், மறுகா விரிச்சு. அவளுக்கு மாமி சொன்னது தெரியுமா எண்டு நான் கேக்கல்ல, அவள் அந்தக் கையப் பிடிச்சிருந்த விதத்தப் பாத்தா கேக்கத் தேவையில்ல.

அப்பா என்னக் கண்டு ஒரு பக்கத்தால சிரிச்சார். தேத்தண்ணிக்கு எழுப்போணும். இருத்தினன், பட்டியக் கட்டினன், முழங்கால முட்டுக் குடுத்தன். இடக்கை கம்பியில போய் இறுகிட்டு. விடுங்கப்பா எண்டு வாயில வந்தத நிப்பாட்டினன். என்ட கைய அவர்ட கைக்கு மேல வச்சுக்கொண்டு சும்மா நிண்டன். நேரம் போச்சு, தேத்தண்ணி ஆறிட்டு, தங்கச்சி ஒண்டும் கதைக்கல்ல. அவர்ட விரல் சூடு என்ட உள்ளங்கைக்குள்ள தெரிஞ்சிச்சு, கயித்துக் காயம் எரிஞ்சிச்சு. மறுகா பெருவிரல் இளகினது, அதுக்குப் பேந்து மற்ற விரல்கள், கை கம்பிய விட்டுட்டு என்ட சட்டைக் கழுத்தப் பிடிச்சிச்சு, நாடி என்ட தோள்ல வந்து விழுந்திச்சு.

ஒண்டு, ரெண்டு, மூண்டு.

நாளைக்கு அவர் திரும்பவும் கம்பியப் பிடிப்பார், எனக்குத் தெரியும். தங்கச்சி அடுத்த வியாழன் பயணம். இப்ப பத்தரை மணி, திருப்பிப் படுக்க வைக்க ராவு ஒரு மணிக்கு அலாரம் வச்சிருக்கன், காலமைக் கஞ்சிக்கு அரிசி ஊறப் போட்டாச்சு.